வயது போனவர்களுக்கும் பூச்சிக்குளிசை வேண்டுமா?

கேள்வி: உப்புவெளி வாசகி, 2025 ஜனவரி 8

மாமிக்கு 78 வயது. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சிக்குளிசை கொடுத்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து தனக்கும் ஒன்று வாங்கித் தரச்சொல்லி நிற்கிறார். அவருடைய மகனோ, அதெல்லாம் சின்னப்பிள்ளைகளின் வருத்தம், வயது போனவர்களுக்கு வராது என்கிறார். யார் சொல்வது சரி? மாமி பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் மருந்து எடுக்கிறார்.

2025 ஜனவரி 8, இரவு

மாமி சொல்வதுதான் சரி. புழுவுக்கு அடையாள அட்டை பார்க்கத் தெரியாது என்று மகனிடம் சொல்லுங்கள்.

நான் திருமலையில் லாப் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஊரில் மற்றவர்கள் கடலைப் பார்த்துக் கழித்த காலத்தை நான் மலத்தைப் பார்த்துக் கழித்தேன். டொக்டர் இல்லை. ஆகவே நான் எழுதும் மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு பார்மசிக்கு ஓடவேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கொடுப்பது மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒரே தரம். வேறு நாடுகளில் அல்பெண்டசோல் 400 கொடுப்பதும் உண்டு. யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதன் கணக்கு எளிது: குளிசை மலிவு, பரிசோதனைதான் செலவு. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம் அதிகம், வளர்ந்தால் குறையும். கொழுக்கிப்புழு அப்படியில்லை. பல நாடுகளில் அது பெரியவர்களிடம்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் யார் நிற்கிறாரோ அவர் காலில் ஏறும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாமிக்கு ஒரு குளிசை கொடுப்பதில் பெரிய வில்லங்கம் ஒன்றும் வராது. அதை விழுங்கியவுடன் பூச்சிக் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதுதான் எனக்குப் பயம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். கரண்ட் போகப்போகிறது போலிருக்கிறது.

2025 ஜனவரி 9

தம்பலகாமம் பக்கம் ஒரு ஐயா. எழுபதைத் தாண்டியவர். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, உள்ளங்கை வெளுத்து காகிதம் மாதிரி. போன இடத்தில், எந்த இடம் என்பது வேண்டாம், "வயதுதானே ஐயா" என்று சத்துக்குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிறகு இன்னொரு டொக்டர் மலம் பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார். கண்ணாடித் தட்டில் கொழுக்கிப்புழு முட்டை நிறைய. இரத்தத்தின் அளவைக் காட்டும் ஹீமோகுளோபின் 6 சொச்சம், மிகக் குறைவு.

கொழுக்கிப்புழு குடற்சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.03 மில்லிலீட்டர் அளவு; இன்னொரு சாதி அதைப்போல ஐந்து மடங்கு குடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் தெரியவே தெரியாது. நூற்றுக்கணக்கில் இருந்து, சாப்பாட்டில் இரும்புச்சத்தும் குறைவென்றால் மாதக்கணக்கில் ஆள் வற்றிப்போவார். இளைஞன் என்றால் தாங்குவான். இதயம் ஏற்கெனவே களைத்திருக்கும் வயதில் அது இதய வருத்தமாகத்தான் வெளியே தெரியும்.

ஐயாவுக்குப் புழு மருந்தும் இரும்புக்குளிசையும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மகள் பதறிக்கொண்டு வந்தார், மலம் கறுப்பாகப் போகிறதாம். இரும்புக்குளிசை எடுத்தால் அப்படித்தான் போகும். கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

2025 ஜனவரி 9, பின்னேரம்

இனிப்புச் சாப்பிட்டால் பூச்சி வரும் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. சீனி வருத்தக்காரரை இனிப்பிலிருந்து தடுக்க நல்ல பொய்தான், வைத்துக்கொள்ளுங்கள். நித்திரையில் பல் நறுமுவதும் பூச்சியால் அல்ல. அதிலும் என் வீட்டு ஆளுக்குப் பல்லே இல்லை, செட் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.

2025 ஜனவரி 12

சரி, சொன்ன பயத்துக்கு வருகிறேன்.

ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் என்று ஒரு புழு. மயிர் இழையிலும் மெல்லியது, பெண்புழு 2 மில்லிமீட்டர் சொச்சம் நீளம். கண்ணால் பார்க்க முடியாது. எங்கள் அம்மம்மாக்கள் வைத்த பூச்சிப்பெயர் எதிலும் இது சேராது. கொழுக்கிப்புழு மாதிரியே வெறுங்கால் தோலைத் துளைத்து, இரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். அதுவரை ஒரே பாதை.

வித்தியாசம் அதற்குப் பிறகு. கொழுக்கிப்புழுவின் முட்டை வெளியே மண்ணில் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. மனிதருக்குள்ளேயே அது பெருகாது. உள்ளே இருப்பது சில வருடங்களில் செத்துவிடும். ஆகவே இன்றைக்கு ஒரு பெரியவரின் மலத்தில் அந்த முட்டை தெரிந்தால், அண்மைக் காலத்தில் அவர் கால் அசுத்த மண்ணில் பட்டிருக்கிறது. ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் முட்டை குடலுக்குள்ளேயே பொரிக்கும். குஞ்சுகளில் சில வெளியே போகாமல் உள்ளேயே முற்றி, குடற்சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்துத் திரும்பவும் அதே சுற்றுக்குப் போய்விடும். வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வரத் தேவையில்லை. அதனால் 1960களில் பனங்காணிக்குள் வெளிக்குப் போன காலத்தில் ஏறியது 2025இலும் அதே ஆளுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம்.

நான் மிகைப்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர் பிடித்து சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கிய பிரித்தானிய, அவுஸ்திரேலியப் படையினர் சிலருக்கு, ஊருக்குத் திரும்பி 40 வருடத்துக்கு மேலான பிறகும் இந்தப் புழு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்துக் குளிரில் சப்பாத்தோடு வாழ்ந்தவர்கள், புதிதாகத் தொற்ற வழியே இல்லை. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல ஆயிரம் பேர். மிஞ்சித் திரும்பியவர்களின் மலத்தை யாராவது பார்த்தார்களா என்று நான் எங்கும் வாசித்ததில்லை.

பெரும்பாலானோருக்கு இது ஒரு தொல்லையும் செய்யாது. இடைக்கிடை வயிற்று எரிவு, வயிற்றோட்டம், இடுப்பிலும் தொடையிலும் வந்து சில மணித்தியாலத்தில் ஓடி மறையும், தோலில் கடிக்கும் (அரிக்கும்) கோடு, காரணம் தெரியாத இருமல். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டிவைத்திருக்கும். அந்தக் கட்டை அவிழ்ப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட். மூச்சு இழுக்கும் முட்டுக்கோ மூட்டுவலிக்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கிய ஆளுக்குள் இது மளமளவென்று பெருகி, குஞ்சுகள் குடலை விட்டு நுரையீரல், ஈரல், மூளை என்று பரவும். போகும்போது குடலிலுள்ள பக்டீரியாவையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பிழைப்பவர் குறைவு. டொக்டர் பக்டீரியாவுக்கு மருந்து போடுவார், புழு இருப்பது தெரியாமல் ஸ்டீரொயிட்டைக் கூட்டவும் செய்வார்.

இன்னொரு பொறியும் உண்டு. குஞ்சுகள் நுரையீரலைக் கடக்கும்போது இருமலும் இழுப்பும் வரும். அதை முட்டு என்று எண்ணி ஸ்டீரொயிட் கொடுத்தால், அதுவே புழுவுக்கு விருந்து.

இப்போது அந்தப் பள்ளிக்கூடக் குளிசை. மெபெண்டசோல் ஒரு குளிசை இந்தப் புழுவை அசைக்காது. அல்பெண்டசோலும் நம்பத்தக்கதல்ல. ஐவர்மெக்டின்தான் மருந்து, உடல் எடையைப் பார்த்து டொக்டர் எழுதவேண்டியது.

2025 ஜனவரி 12, கொஞ்சம் பிறகு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மாமி பயந்துவிடப் போகிறார். ஸ்டீரொயிட் எடுக்காத, எடுக்கப் போகாத ஆள் என்றால் இன்றிரவே நித்திரையைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். சீனி, பிரஷர் குளிசைகள் ஸ்டீரொயிட் அல்ல. முட்டுக்கு இழுக்கும் இன்ஹேலரில் உள்ளது சிறிய அளவு, அதுவும் நேராக நுரையீரலுக்கு. நான் சொல்வது விழுங்கும் குளிசையையும் ஊசியையும்.

ஒன்று மட்டும். மூட்டுவலிக்கு என்று பெயர் ஒட்டாத பைக்கற்றில் விற்கிற தூள், குளிசை வகையறா. பல நாடுகளில் இப்படிப்பட்டவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்ததைப் பிடித்திருக்கிறார்கள். "ஒரே நாளில் வலி போச்சு, முகமும் உருண்டு வந்துவிட்டது" என்று யாராவது சந்தோஷப்பட்டால் நீங்கள் சந்தோஷப்படாதீர்கள்.

2025 ஜனவரி 15

பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கிண்ணியாத் தம்பியின் நீண்ட கேள்வி. வாப்பாவுக்கு 74, பீடி குடித்துக் கெட்ட நெஞ்சு, மாரி தொடங்கினால் முட்டு, ஒவ்வொரு முட்டுக்கும் பிரெட்னிசோலோன். இளமையில் மகாவலிக் கரையில் மிளகாய்த் தோட்டம். இப்போது என்ன செய்வது?

தம்பி, முதலாவது: குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீரொயிட்டைச் சடாரென்று நிறுத்துவதே தனி ஆபத்து, முட்டும் சும்மா விடாது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவர், மலசலகூடம் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர், இப்போது அடிக்கடி ஸ்டீரொயிட். பிறகு "ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் பார்க்கவேண்டுமா?" என்று கேளுங்கள். பெயர் வாயில் வராவிட்டால் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டரும் எழுதித்தான் படித்திருப்பார்.

பழைய இரத்த ரிப்போர்ட் இருந்தால் ஈசினோபில் என்ற வெள்ளையணு எத்தனை வீதம் என்று பாருங்கள். கூடியிருந்தால் அது ஒரு துப்பு. கூடாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஸ்டீரொயிட் அதையும் அமுக்கிவிடும்.

வயலுக்குள் வெறுங்காலோடு நின்றாலும் இது ஏறுமா என்று மூதூர் ஆசிரியர் கேட்டதற்கும் இங்கேயே பதில். வெள்ளம் நிற்கும் வயலுக்குள் இந்தக் குஞ்சுகள் அதிகம் தாக்குப்பிடிக்காது. அதற்குப் பிடித்தது நிழலான, ஈரமான, மணல் கலந்த மண். வாழைத் தோட்டம், கிணற்றடி, மரக்கறிப் பாத்தி. வரம்பை விட்டு இறங்கி வெளிக்குப் போக ஒதுங்கிய இடம்தான் வயலை விடக் கெட்டது.

2025 ஜனவரி 16

மலம் எப்படிக் கொண்டுபோவது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

லாப்பில் கொடுக்கும் மூடி போட்ட சின்னப் போத்தலில், ஒரு தேக்கரண்டி அளவு போதும். எனக்கு யோகட் கோப்பையில், நெருப்புப்பெட்டியில், ஒருமுறை ஹோர்லிக்ஸ் போத்தல் கழுத்துமட்டும் நிறைத்து வந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "குறைஞ்சால் திரும்ப வரச்சொல்லுவீங்களே தம்பி" என்றார். சிறுநீர் கலக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. கொமோட்டிலிருந்து அள்ளவேண்டாம். படுக்கையிலிருக்கும் ஆள் என்றால் பெட்பானுக்குள் பொலித்தீன் விரித்து எடுங்கள்.

நேரம் முக்கியம். வயிற்றோட்டத்தில் அமீபா தேடுவதென்றால் மலம் சூடாக இருக்கும்போதே, அரை மணித்தியாலத்துக்குள் பார்த்தால்தான் அது நகர்வது தெரியும். ஜன்னலோரம் வைத்து மறுநாள் கொண்டுவந்தால் வேறு குழப்பம். திருமலை வெக்கையில் கொழுக்கிப்புழு முட்டை போத்தலுக்குள்ளேயே பொரித்துவிடும். ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் மலத்தில் முட்டையாக வராது, குஞ்சாகத்தான் வரும். ஆக, நாள்பட்ட மலத்தில் குஞ்சு ஒன்று நெளிந்தால் அது எதன் குஞ்சு? வாய்க்குழி நீளமா கட்டையா என்று நாற்பதாம் லென்ஸில் தேடவேண்டும். கழுத்து நோவு எனக்கு வந்தது இதனால்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை பார்த்து "ஒன்றும் இல்லை" என்று எழுதினால் என்ன அர்த்தம்? அந்தத் துளியில் இல்லை என்று அர்த்தம். வட்டப்புழுப் பெண் ஒன்று நாளைக்கு 2,00,000 வரை முட்டை இடும், தவறவிடுவது கடினம். ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் சில குஞ்சுதான் விடும், அதுவும் விட்டு விட்டு. வேறு வேறு நாளில் மூன்று தரம் பார்த்தாலும் நழுவும். அகார் என்ற கூழ்த் தட்டில் வளர்த்துப் பார்க்கும் முறையும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் முறையும் இதைவிட நல்லவை. எல்லா லாப்பிலும் கிடைக்காது.

ஒரு ஆச்சி வெட்கப்பட்டுப் பேத்தியின் மலத்தைத் தன் பெயரில் கொடுத்த கதையும் உண்டு. பேத்திக்கு வட்டப்புழு. ஆச்சிக்கு ரிப்போர்ட், பேத்திக்கு மருந்து.

2025 ஜனவரி 21

கைமருந்துகள். கேட்டவர்கள் கோபிக்கவேண்டாம்.

கன்னியா வெந்நீர் ஏழு கிணற்றிலும் குளித்தால் பூச்சி சாகும் என்பது. கன்னியா கை பொறுக்கும் சூடு, புழு வாழ்வதோ 37 பாகை வயிற்றில். அந்தியேட்டிக்குப் போனால் குளித்துவிட்டு வாருங்கள், பூச்சிக்காகப் போகவேண்டாம்.

பப்பாசி விதை. நைஜீரியாவில் பிள்ளைகளுக்குத் தேனோடு கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில் பலன் இருந்தது. சிறியது. சமையலில் வேப்பம்பூவும் சுண்டங்காயும் பாகற்காயும் தாராளமாகச் சேருங்கள், நாக்குக்கு நல்லது.

ஆமணக்கெண்ணெய்ப் பேதிக்கு மட்டும் நான் எதிரி. எங்கள் சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள், ஓடி ஓடிப் போனோம், பின்னேரம் எழும்பி விளையாடினோம். எண்பது வயதில், சலம் போவதற்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கும் ஒருவருக்கு அதே பேதி என்றால் உடம்பின் நீரும் உப்பும் பொட்டாசியமும் சேர்ந்து போகும். தலைசுற்றி விழுந்து இடுப்பு முறிந்தால் பூச்சி பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேதி புழுவைக் கொல்வதுமில்லை. பிடித்திருக்கும் புழு பிடித்தபடியே இருக்கும்.

2025 ஜனவரி 22

நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்பவர் கேட்டது: வெள்ளைக்காரருக்குக் கடற்கரையில் நடந்த பிறகு பாதத்தில் வளைந்து வளைந்து சிவப்புக்கோடு, தாங்கமுடியாத கடி. அது நாய், பூனைகளின் கொழுக்கிப்புழு. மனிதத் தோலுக்குள் வழிதெரியாமல் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் தானே சாகும். கடற்கரை நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் வெள்ளைக்காரரும் தப்புவார்கள், நாங்களும் தப்புவோம்.

நாங்களும் என்று ஏன் சொன்னேன் என்றால், நாயிடமும் பூனையிடமும் உள்ள ஒரு சாதி மனிதக் குடலிலும் வாழக்கூடியது. அதன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: அன்கிலொஸ்டோமா சிலனிக்கம். இங்கிருந்து கிடைத்த புனுகுப் பூனையின் குடலிலிருந்து 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் விவரித்தது. இதே லூஸ்தான் அதற்கு முன்பு கெய்ரோவில் கொழுக்கிப்புழுக் குஞ்சுள்ள நீரைத் தவறிக் கையில் சிந்திக்கொண்டு, கை கடித்துச் சிவக்க, பிறகு தன் மலத்திலேயே முட்டையைக் கண்டு, தோல்வழியாகத்தான் ஏறுகிறது என்று உலகுக்குச் சொன்னவர். அவர் சொல்லும்வரை எல்லாரும் வாயால்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். லாப்காரன் ஒருவன் கையைக் கழுவ மறந்ததால் மருத்துவத்துக்கு வந்த இலாபம்.

இலங்கையில் கொழுக்கிப்புழுவுக்கு எதிரான பெரிய வேலை 1916இல் தேயிலைத் தோட்டங்களில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது. தொழிலாளிக்கு மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டத் தோட்டத்துரைக்கு மனம் வரவில்லை, திரும்பத் திரும்பத் தொற்றியது. மருந்தை விடக் குழி முக்கியம் என்ற பாடத்தை அதற்குப் பிறகும் எத்தனை முகாம்களில் பார்த்தோம்.

2025 பெப்ரவரி 2

தம்பலகாமத்து ஐயாவின் கதையை எழுதியது ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டது போலிருக்கிறது. "அப்பாவுக்கும் இரத்தம் குறைவு, பூச்சிக்குளிசை கொடுத்தோம், நன்றி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றியை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஐம்பது தாண்டிய ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை என்றால், எங்கேயோ இரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். வயிற்றுப்புண், வலிக்குளிசையால் வந்த கசிவு, குடல் புற்றுநோய். புழு அந்தப் பட்டியலில் ஒன்று. புழுவும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் இருக்கவும் தடையில்லை. எங்கள் லாப்பில் முட்டை கண்டு, மருந்து எடுத்து, ஆறு மாதம் திருப்தியாக இருந்துவிட்டு, பிறகு பெருங்குடலில் கட்டியோடு வந்த ஒரு அம்மா இருந்தார். முட்டை உண்மை. ரிப்போர்ட்டும் சரி. அதோடு தேடல் நின்றதுதான் கொடுமை.

மலத்தில் இரத்தம், மூலம் என்று நீங்களே பெயர் வைப்பது, எடை குறைவது, மலம் போகும் பழக்கம் மாறுவது இருந்தால் புழு மருந்தோடு திரும்பாதீர்கள். உள்ளே கமரா விட்டுப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள்.

2025 பெப்ரவரி 3

கமரா விட்டால் புழு தெரியாதா என்கிறார் ஒருவர். சிலவேளை தெரியும். அதற்காக விடுவதில்லை.

2025 பெப்ரவரி 17

படம் அனுப்பியவருக்கு. அது புழு இல்லை, வாழைப்பழ நார். பழத்தின் நடுவிலுள்ள நார் சீரணமாகும்போது கறுத்து நூல் நூலாக வரும், பார்த்தால் நெளியும் போலவே இருக்கும். சளிச்சவ்வும் இப்படி ஏமாற்றும். தயவுசெய்து மற்றவர்கள் படம் போடவேண்டாம், நான் இதைத் தேத்தண்ணியோடு வாசிக்கிறேன்.

சிரித்துவிட்டு ஒரு பாரமான விஷயம். வயது போனவர்கள் சிலர், அதிலும் தனியாக இருக்கும் பெண்கள், தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று உறுதியாகச் சொல்வார்கள். நெருப்புப்பெட்டியில் எதையாவது சேர்த்துக் கொண்டுவருவார்கள். தோல் துணுக்கு, நூல், தூசு. உலகமெங்கும் லாப்காரருக்கு இந்த நெருப்புப்பெட்டி தெரியும், மருத்துவப் புத்தகத்தில்கூட ஏறியிருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் லென்ஸில் வைத்துப் பார்ப்பேன், அவர்கள் முன்னாலேயே. "இதில் பூச்சி இல்லை அம்மா, ஆனால் உங்களுக்கு ஊர்வது ஊர்வதுதான்" என்பேன். ஊரல் உண்மை. அதற்குச் சிறுநீரகம், தைரொயிட், பி12 குறைவு, சில மருந்துகள் என்று காரணங்கள் இருக்கலாம், மனதுக்குள்ளும் இருக்கலாம். வீட்டார் பரிகாசம் பண்ணுவதுதான் மோசம். ஆறாவது தடவை பூச்சிக்குளிசை வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துவது அதற்கு அடுத்த மோசம்.

2025 மார்ச் 5

"அமீபா" பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊரில் வயிற்றோட்டம் என்றாலே பிளஜில், அதாவது மெட்ரோனிடசோல். கெட்ட அமீபாவும் அதைப்போலவே இருக்கும் சாது அமீபாவும் சாதாரண லென்ஸில் ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளே சிவப்பணு விழுங்கியிருந்தால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஆகவே ரிப்போர்ட்டில் அமீபா என்று கண்டவுடன் வருடக்கணக்கான வயிற்றுக்கோளாறுக்கெல்லாம் அதன்மேல் பழி போடவேண்டாம்.

அதே சமயம் தலைகீழாகவும் நடக்கும். அமீபாவால் வந்த குடற்புண்ணைக் குடல் அழற்சி நோய் என்று தவறாக எடுத்து ஸ்டீரொயிட் கொடுத்தால் குடல் ஓட்டையாகும்வரை போகலாம். திரும்பவும் அதே ஸ்டீரொயிட் கதை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கும் ஆள் வீட்டில் இருந்தால், மெட்ரோனிடசோலைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வார்ஃபரின் வேகம் கூடி இரத்தப்போக்கு வரும். பார்மசியில் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை பற்றியும் ஒன்று. ஒமிப்ரசோல் வகை வயிற்று அமிலத்தைக் குறைக்கும். அந்த அமிலம்தான் விழுங்கிய கிருமிகளுக்கு முதல் காவல். வருடக்கணக்கில் ஏன் எடுக்கிறோம் என்றே மறந்து எடுப்பவர்கள் பலர். தேவையா என்று கேட்டுப் பாருங்கள். கொதித்தாறிய தண்ணீர் குடிப்பது எப்படியும் நல்லது. மாரியில் கிணறு நிரம்பிக் கக்கூஸ் குழியும் நிரம்பும் ஊர் இது.

2025 மார்ச் 23

கிண்ணியாத் தம்பி திரும்பி எழுதியிருக்கிறார். கிளினிக்கில் டொக்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம், பிறகு பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாராம். ஈசினோபில் 14 வீதம், இரண்டு வருடத்துக்கு முந்தையது, ஒருவரும் கவனிக்கவில்லை. மலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும், அடிக்கடி ஸ்டீரொயிட் தேவைப்படுகிற ஆள் என்பதால் ஐவர்மெக்டின் கொடுத்திருக்கிறார். வாப்பா "ஒரு மாற்றமும் தெரியல்ல" என்கிறாராம். தெரியவேண்டியதில்லை தம்பி. முட்டு பீடியால் வந்தது, அது அப்படியே இருக்கும். அடுத்த பிரெட்னிசோலோனுக்கு வீட்டில் எல்லாரும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

ஐவர்மெக்டின் என்றதும் ஒருவர் கோவிட் சண்டையைத் தொடங்கிவிட்டார். சுருக்கமாக: பெரிய ஆய்வுகளில் அது கோவிட்டுக்கு உதவவில்லை. சில நாடுகளின் சிறு ஆய்வுகளில் உதவியதுபோல் தெரிந்ததற்கு, அந்த நாடுகளில் இந்தப் புழு அதிகம், நோயாளிகள் ஸ்டீரொயிட் எடுத்தவர்கள், ஐவர்மெக்டின் புழுவிடமிருந்து அவர்களைக் காத்திருக்கலாம் என்ற விளக்கமும் வைக்கப்பட்டது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அந்த மருந்துக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது புழுக்களுக்காகத்தான். 2024இல் உலக சுகாதார நிறுவனம், ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் அதிகமுள்ள இடங்களில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்ற பூச்சிக் கணக்கில் அப்பப்பாவும் அம்மம்மாவும் சேர்ந்தது எனக்குப் பெரிய விஷயம்.

2025 ஏப்ரல் 6

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தங்கைக்கு. இரவில் ஆசனவாய் கடித்து நித்திரையில்லாமல் புரளும் ஆச்சிமார் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதுவும் நாலைந்து பேருக்கு ஒரே அறையில். கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண்புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும், அதனால் மலத்தில் தேடினால் கிடைக்காது. காலையில் கழுவுமுன் பளிங்கு டேப்பை அந்த இடத்தில் ஒற்றிக் கண்ணாடித் தட்டில் ஒட்டி லாப்புக்கு அனுப்புங்கள்.

மருந்து அறையிலுள்ள எல்லாருக்கும், பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்து ஒரே நாளில். இரண்டு வாரத்தில் திரும்பவும். முதல் மருந்து முட்டையைத் தொடாது. அன்று காலை படுக்கை விரிப்பும் உள்ளாடையும் சுடுநீரில், விரிப்பை உதறாமல் சுருட்டி எடுக்கவேண்டும். நகம் கட்டையாக. மறதி உள்ளவர்களின் கையைச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள்தான் கழுவிவிடவேண்டும்.

டயபர் கட்டும் இடத்தில் பங்கசாலும் இதே கடி வரும், சீனி உள்ளவர்களுக்கு அதிகம். டேப்பில் ஒன்றும் இல்லை என்றால் தோலைக் காட்டுங்கள்.